வீட்டுக் கொல்லைக்கு எந்த மாமரம்?

ஆப்பிள் கன்று இப்போது தென்னிந்தியச் சமவெளியிலும் விலைக்குக் கிடைக்கிறது. அன்னா, டார்செட் கோல்டன், எச்.ஆர்.எம்.என்.-99 என்று அட்டை தொங்கும் கன்றைப் பார்த்ததும், புதுவீடு கட்டிக் கொல்லையில் கொஞ்சம் இடம் விட்டிருப்பவருக்கு ஆசை எழத்தான் செய்யும். ஆனால் ஆப்பிள் மொட்டு ஒழுங்காக விரிய வேண்டுமானால், அதற்குமுன் மரம் குளிரில் கிடந்திருக்க வேண்டும். காஷ்மீர், இமாச்சலத் தோட்டங்களின் பழைய ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர் சுமார் 1,000 மணி நேரம் தேவை. இஸ்ரேலில் உருவான அன்னாவுக்கு 200 முதல் 300 மணி நேரம் போதும். இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்.-99 வெயில் பகுதிகளிலும் காய்க்கிறது. அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நம் திருப்பதி, சித்தூர் வட்டாரத்திலோ மார்கழி இரவிலும் குளிர் 7 டிகிரியைத் தொடுவதில்லை. மே மாத வெயில் 40ஐத் தாண்டுகிறது. ஆர்வத்துக்கு ஒரு ஆப்பிள் கன்று வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. வீட்டில் எல்லோரும் வயிறாரத் தின்று, அக்கம்பக்கத்துக்கும் ஒரு கூடை கொடுக்கும் மரம் வேண்டுமென்றால் சித்தூர்ச் செம்மண்ணுக்கு மாமரம்தான்.

எந்த மா என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

தாமலசெருவு, பங்காருபாளையம், புத்தூர் என்று இந்தப் பக்கத்து மாங்காய் மண்டிகளில் கோடையில் லாரி லாரியாக வந்திறங்குவதில் பெரும்பங்கு ஒரே ரகம். தோத்தாபுரி. தமிழர்களுக்கு அது கிளிமூக்கு. பெங்களூரா, கலெக்டர் என்ற பெயர்களும் உண்டு. தள்ளுவண்டியில் காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுக்கிறார்களே, அந்த மாங்காய்தான். அதிகப் புளிப்பில்லாமல் கடிக்க மொறுமொறுவென்று இருக்கும். காயாகத் தின்ன அதற்கு ஈடு குறைவு. பழுத்தபின் அதன் இனிப்பு மிதமானது, மணமும் குறைவு.

பிறகு ஏன் அது இவ்வளவு பரவியது? சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகள்தான் காரணம். ஆண்டு தவறாமல் காய்ப்பது, சதை கெட்டியாக இருப்பது, கூழ் நிறையத் தேறுவது, லாரியில் அடிபடாமல் போவது என்று ஆலைக்கு வேண்டிய அத்தனை குணமும் இதற்கு உண்டு. பாட்டிலில் வரும் மாம்பழ பானத்துக்கும், வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறும் கூழுக்கும் இதுவே பெரும்பாலும் மூலப்பொருள். எல்லை தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு வந்தாலும் இதே கதைதான்.

அதன் மறுபக்கத்தை 2025 காட்டியது. அந்தக் கோடையில் தோத்தாபுரி விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று 12 ரூபாயாவது விவசாயி கைக்கு வர ஆந்திர அரசு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. கர்நாடகத் தோத்தாபுரி சித்தூருக்குள் வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு விவகாரம் முற்றியது. ஏக்கர் கணக்கில் ஒரே ரகம் வைத்த விவசாயிக்கு ஆலையை விட்டால் போக்கிடம் குறைவு. கொல்லையில் ஒன்றிரண்டு மரம் வைப்பவருக்கு அந்தக் கட்டாயம் எதுவுமில்லை. ஆனாலும், 'ஊரே இதைத்தானே வைக்கிறது' என்று கிளிமூக்குக் கன்றையே வாங்கி நட்டுவிட்டு, ஐந்தாறு வருஷம் கழித்துப் பழம் சப்பென்று இருக்கிறதே என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். ஆலைக்கு வேண்டியது எடையும் கூழும். வீட்டுக்கு வேண்டியது ருசி, அடக்கமான மரம், வருஷம் தவறாத காப்பு. இந்தக் கணக்கோடு நர்சரிக்குப் போனால் தேர்வு வேறு மாதிரி அமையும்.

ருசி என்றதும் மல்கோவாவும் இமாம்பசந்தும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இரண்டும் அருமையான பழங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டுமே கஞ்சத்தனமாகக் காய்ப்பவை. ஒரு வருஷம் கொஞ்சம் காய்த்து மறு வருஷம் ஓய்ந்துவிடும் குணமும் உண்டு. ஒரே ஒரு மரத்துக்கு இடம் வைத்திருப்பவர் மல்கோவாவை நட்டால், பழம் கடையில் வாங்கும் வருஷங்களே அதிகமாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது மரமாக வைப்பதற்கு அது ஏற்றது.

மல்கோவா தன் பெருமையைக் கடல் கடந்து நிலைநாட்டியது தனிக்கதை. 1889இல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போன ஒட்டுக்கன்றுகளில், மல்கோபா என்ற பெயரில் போன மரம் ஒன்று பனிக்குத் தப்பிக் காய்த்தது. அதன் கொட்டைகளை ஹேடன் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி வாங்கி முளைக்கப் போட்டார். அவற்றில் ஒரு மரம் 1910இல் சிவப்பு பூத்த பழம் தந்தது. ஹேடன் என்றே பெயர் பெற்ற அந்த மாவின் வம்சம்தான் இன்று மேற்கு நாட்டுக் கடைகளில் விற்கும் சிவப்பு மாம்பழங்களில் பல. இதைக் கேட்டுவிட்டு, தின்ற பழத்தின் கொட்டையைப் புதைத்துவைக்க ஆசைப்பட வேண்டாம். நம் ஊர் ரகங்கள் பெரும்பாலும் கொட்டையிலிருந்து தாயைப்போலவே வருவதில்லை. ஹேடனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பலருக்குக் கிடைப்பது நார் நிறைந்த புளிப்பு மாங்காய்தான். ஒட்டுக்கன்றே பத்திரம்.

இந்த வட்டாரத்துக்கு முதல் மரமாகப் பங்கனப்பள்ளியைத் துணிந்து சொல்லலாம். இங்கே பேனிஷா என்பார்கள். நந்தியால் மாவட்டத்துப் பங்கனப்பள்ளி ஊரின் பெயரைத் தாங்கிய இந்தப் பழத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நார் கிடையாது, தோல் மெலிது, பழுத்தால் முழு மஞ்சள். அதைவிடப் பெரிய வசதி, ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பழுத்துவிடுவது. மழை தொடங்கியபின் பழ ஈயின் தொல்லை பெருகும். முன்னதாகவே முடிந்துவிடும் ரகத்துக்கு அந்தச் சேதம் குறைவு. ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் அடுத்த வருஷம் கொஞ்சம் குறையும் என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மரம் பங்கனப்பள்ளி முடிந்தபின் பழுப்பதாக இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு உரியது நீலம். ஜூன், ஜூலையில், எல்லா மாவும் ஓய்ந்தபின் வரும். சிறிய பழம், கமகமவென்று மணம், வருஷா வருஷம் காப்பு. மரமும் பெரிதாக அடர்ந்து படராது. குறை ஒன்று உண்டு, அதைத் தமிழ் வீடுகளில் அறியாதவர் இல்லை. பழத்தை அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து கறுப்பு வண்டு ஒன்று வெளியே வரும். பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டை வைக்கிறது. புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போகிறது. அது போன வழி ஆறி மூடிக்கொள்வதால் வெளியே தடமே தெரியாது. தோட்டத்தில் உதிரும் பிஞ்சையும், தின்று போட்ட கொட்டையையும் மரத்தடியில் விடாமல் பொறுக்கி அழிப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய எளிய வைத்தியம். மெத்தில் யூஜினால் வைத்த பொறி ஒன்றைத் தொங்கவிட்டால் பழ ஈயும் குறையும்.

நீலத்தின் இந்த 'வருஷா வருஷம் காய்க்கும்' குணத்துக்காக ஆராய்ச்சி நிலையங்கள் அதைத் திரும்பத் திரும்பத் தாயாகவோ தந்தையாகவோ எடுத்துக்கொண்டன. ரயில்வே கோடூர் அருகே அனந்தராஜுபேட்டைப் பழ ஆராய்ச்சி நிலையம் நீலத்தையும் மல்கோவாவையும் சேர்த்து நீல்கோவாவையும், நீலத்தையும் பேனிஷாவையும் சேர்த்து நீலேஷானையும் தந்தது. சங்காரெட்டியில் ருமானியோடு சேர்த்து மஞ்சீராவும், பெரியகுளத்தில் சின்ன சுவர்ணரேகாவோடு சேர்த்து பி.கே.எம்.-1உம் வந்தன. டெல்லி பூசா நிலையம் லக்னோ பக்கத்துத் தசேரியோடு நீலத்தைக் கலந்து, 1970களில் மல்லிகாவையும் ஆம்ரபாலியையும் வெளியிட்டது.

சிறிய மனைக்கு இந்த வாரிசுகளில் மூன்றைக் கவனிக்கலாம். மல்லிகா பெரிய பழம், நாரற்ற ஆரஞ்சுச் சதை. மரத்தில் பழுக்கவிடாமல் முற்றியதும் பறித்து, வைக்கோலில் சில நாள் பொறுமையாக வைத்தால்தான் அதன் முழு ருசி வரும். அவசரப்பட்டுத் தின்றவர்கள்தான் மல்லிகாவைக் குறை சொல்வார்கள். ஆம்ரபாலி குட்டை மரம். இரண்டரை மீட்டர் இடைவெளியில்கூட நடுகிறார்கள், கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மஞ்சீராவும் குட்டைதான், சதை கெட்டி.

ஆலைகளிடமிருந்து வீட்டுத் தோட்டம் எடுத்துக்கொள்ள வேண்டியது ரகத்தை அல்ல, கவாத்தை. சித்தூர் மாவட்டத்தில் கோகோ-கோலாவும் ஜெயின் இரிகேஷனும் 2011இல் தொடங்கிய உன்னதி திட்டம் அடர்நடவு முறையைப் பரப்பியது. பழைய வழக்கப்படி பத்து மீட்டருக்கு ஒரு மரம் என்றால் ஏக்கருக்கு 40. மூன்றுக்கு இரண்டு மீட்டர் என்று நட்டால் 670க்கு மேல். ஒவ்வோர் அறுவடை முடிந்ததும் கிளைகளை வெட்டி மரத்தை ஆள் கைக்கு எட்டும் உயரத்திலேயே நிறுத்திவிடுவதுதான் அதன் அடிப்படை. மாமரம் என்றால் வீட்டையே மறைத்து வளரும், வேர் சுவரைப் பிளக்கும் என்று பயந்து மா வைக்காமல் இருப்பவர்கள் இதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்த கையோடு, ஆகஸ்டுக்குள் கவாத்து செய்துவிட வேண்டும். அப்போதுதான் புதிதாக விட்ட துளிர் முற்றி, தை மாதம் பூக்கும். மார்கழியில் கத்தியை எடுத்தால் அந்த வருஷப் பூ போயிற்று.

இனி கன்று. ரயில்வே கோடூர் பக்கமும், கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரிலும் மா ஒட்டுக்கன்று நர்சரிகள் நிறைய. ஆளுயரக் கன்றைப் பார்த்து மயங்க வேண்டாம். குனிந்து ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்கள். வேர்ச்செடியும் மேலே கட்டிய குச்சியும் ஏறக்குறைய ஒரே தடிமனில், இடைவெளியில்லாமல் கூடியிருக்க வேண்டும். கட்டிய பாலித்தீன் நாடா தண்டை நெரித்துப் பள்ளம் விழுந்திருக்கக் கூடாது. ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு துளிர் தலைகாட்டினால் அது வேர்ச்செடியின் துளிர். அதை வளரவிட்டால் நாளடைவில் வாங்கிய ரகம் மறைந்து, காட்டு மாங்காய்தான் மிஞ்சும். பார்த்தவுடன் கிள்ளிவிட வேண்டும். ரகத்தின் பெயரில் சந்தேகமிருந்தால் இலையைக் கசக்கி முகரும் பழக்கம் அனுபவசாலிகளுக்கு உண்டு. அந்த மூக்கு வாய்க்காதவர்கள் அரசு நர்சரியிலோ பல்கலைக்கழகப் பண்ணையிலோ வாங்குவது நல்லது.

மூன்றடிக்கு மூன்றடி குழி, மக்கிய தொழுவுரம், ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கும்படி நடவு. முதல் மழைக்குப்பின் நட்டால் கன்று வெயில் வருவதற்குள் வேரூன்றிக்கொள்ளும். ஒட்டுக்கன்று மறு வருஷமே பூத்துவிடும், அதைப் பார்த்து வீட்டிலுள்ள பிள்ளைகள் துள்ளுவார்கள். மனம் இரங்காமல் முதல் மூன்று வருஷப் பூங்கொத்தையும் கிள்ளிப் போட்டுவிட வேண்டும். நாலாவது வருஷம் நிற்கும் பிஞ்சு போதும். அதற்குள் கிளைகள் காயைத் தாங்கும் அளவுக்குத் தடித்திருக்கும்.