விளிம்பைத் திருத்தும் கலை

யாழ்ப்பாணத் தீவகத்தின் புங்குடுதீவில், குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறிச் செல்லும் ஒருவரின் கண்ணில் படுபவற்றுள் பெரும்பாலானவை நுண்மையான வடிவங்கள்: வானத்தை நோக்கி விரிந்து நிற்கும் பனையோலைகளின் கூரிய நுனிகள், வள்ளங்களின் மெல்லிய கயிறுகள், நாகபூஷணி அம்மன் ஆலயக் கோபுரத்தில் அடுக்கடுக்காகச் செறிந்த சிற்பங்கள், நெடுந்தீவில் சாந்தின்றி அடுக்கப்பட்ட பவளக்கல் மதில்களின் இடுக்குகள், நண்பகல் வெயிலில் நீர்ப்பரப்பெங்கும் மின்னி மறையும் ஒளித்துணுக்குகள். ஓவியனுக்கு உவகை தரும் இவையனைத்தும் கணினி விளையாட்டுக்குப் பெருஞ்சோதனையாகும். இத்தகைய ஒரு கரையைத் திரையில் சிருஷ்டிக்க முயலும் எந்த விளையாட்டிலும் ஓலையின் விளிம்பு படிபடியாக உடைந்து தோன்றும். கயிறு இடையிடையே அறுபட்டுத் தெரியும். மதிலின் இடுக்குகள் நாம் நடக்க நடக்கத் துடிக்கும். இந்தத் தோஷத்தை நீக்கும் உபாயங்களுக்கே அன்ரி அலியாசிங் என்று பெயர்.

தோஷம் பிறக்கும் இடத்தை அறிந்தாலன்றிப் பரிகாரத்தைத் தேர்ந்தெடுத்தல் இயலாது. இன்று சாமானியமாகப் பயன்படும் திரையொன்றில் குறுக்காக 1920, நெடுக்காக 1080 என 2,073,600 பிக்சல்கள் என்னும் சிறு சதுரங்கள் உள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு நிறத்தையே காட்டவல்லது. கணினியோ ஒவ்வொரு பிக்சலின் நடுவிலும் ஒரேயொரு புள்ளியைச் சோதித்து, அவ்விடத்தில் இருப்பது ஓலையா வானமா என்று தீர்மானித்து, அந்தத் தீர்ப்பையே சதுரம் முழுவதற்கும் பூசிவிடுகிறது. ஆதலால் பாதி ஓலையும் பாதி வானமுமாக இருக்கவேண்டிய சதுரத்துக்கு இடைநிறம் கிடைப்பதில்லை. சாயமிட்ட பனையோலையால் இழைக்கப்படும் தடுக்கில் சாய்வான கோடு எவ்வாறு சிறு சதுரங்களின் படிவரிசையாகவே அமைய முடிகிறதோ, அவ்வாறே திரையிலும் அமைகிறது. தடுக்கு அசைவதில்லையாதலால் அங்கே அது அழகாகிறது. திரையிலோ காட்சி நகருந்தோறும் படிகள் இடம்மாறி ஊர்வதனால், நின்ற நிலையில் பொறுத்துக்கொண்ட கண்ணும் அசைவில் சலிப்படைகிறது. கணினி வரைகலையில் இக்குறையின் காரணத்தை ஃபிராங்க்ளின் குரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977-இல் ஒரு கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். போதிய மாதிரிப் புள்ளிகள் எடுக்கப்படாமையே மூலகாரணம் என்னும் அந்த உண்மையிலிருந்தே பின்வந்த முறைகள் யாவும் கிளைத்தன.

விளையாட்டுகளின் செட்டிங்ஸ் பட்டியலைத் திறக்கும் இளைஞர் பலர், பட்டியலில் மிகப் பெரிய எண் எதுவோ அதுவே சிரேஷ்டமானது என்று கருதி அதனைத் தெரிவுசெய்கின்றனர். ஆனால் இம்முறைகள் ஒரே ஏணியின் மேற்படியும் கீழ்ப்படியும் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறையைப் போக்குவதற்கு வேறொன்றை, அதாவது வேகத்தையோ கூர்மையையோ அசைவின் தெளிவையோ, விலையாகக் கேட்கின்றது. எந்தக் குறை நம் கண்ணை அதிகம் உறுத்துகிறது, எந்த விலையை நம் இயந்திரம் தரவல்லது என்று அறிந்து தேர்வதே உண்மையான தேர்வாகும்.

முறைகளுள் மூத்ததும் நேரியதும் சூப்பர்சாம்பிளிங் ஆகும். படத்தைத் திரையின் அளவினும் பெரிதாக வரைந்து, பின்னர் அதனைச் சுருக்கிக் காட்டுவதே இதன் யுக்தி. சாதாரணத் திரையில் நான்கு மடங்கு சூப்பர்சாம்பிளிங் செய்யும் கணினி, ஒவ்வொரு பிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்துக் காட்டப்படும் ஒவ்வொரு தனிப்படத்துக்கும்) 8,294,400 பிக்சல்களை, அதாவது ஒரு 4கே திரைக்குரிய வேலை முழுவதையும், செய்தாகவேண்டும். தரத்தில் இதனை விஞ்சுவது அரிது, செலவிலும் அவ்வாறே. பழைய விளையாட்டொன்றைப் புதிய, வலிய கணினியில் ஆடுபவருக்கே இது தகும்.

அந்தச் செலவைக் குறைக்கப் பிறந்தது மல்டிசாம்பிளிங், அதாவது எம்.எஸ்.ஏ.ஏ. பொருளின் விளிம்பு ஒரு பிக்சலில் எவ்வளவு பங்கை மறைக்கிறது என்பதை மட்டும் இரண்டு, நான்கு அல்லது எட்டுப் புள்ளிகளில் சோதித்து, நிறத்தை ஒருமுறையே கணிப்பது இதன் சூட்சுமம். கட்டடத்தின் மூலையும் படகின் பாய்மரமும் இதனால் மங்காமல் நேராகின்றன. ஆயினும் விளையாட்டுகளில் ஓலையும் புல்லும் வலைக்கம்பியும் பெரும்பாலும் தட்டையான பலகைமீது ஒட்டப்பட்ட ஓவியங்களேயாதலால், ஓவியத்துக்குள் இருக்கும் ஓலைநுனியை இம்முறை தானாக அறிவதில்லை. நீரில் மின்னும் ஒளியையும் இது அடக்குவதில்லை. ஒளியைப் பிற்பாடு கணிக்கும் இக்கால விளையாட்டு என்ஜின்களில் இதற்கான நினைவகச் செலவும் பன்மடங்காகிவிடுவதனால், புதிய விளையாட்டுகள் பல இதனைக் கைவிட்டன. 2015-இல் கணினிக்கு வந்த கிராண்ட் தெப்ட் ஆட்டோ 5-லும், 2023-இல் வெளிவந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2-லும் இது உண்டு. பகைவனின் தலை ஒரு விளிம்பில் தோன்றும் கணத்தைக் கூர்ந்து நோக்கவேண்டிய கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற ஆட்டத்துக்கு நான்கு மடங்கு எம்.எஸ்.ஏ.ஏ. மிகப் பொருத்தமானது.

மூன்றாவது வகை, படத்தை வரைந்து முடித்தபின் அதைத் திருத்துவது. 2009-இல் இன்ரெல் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ரெஷெடோவ் வகுத்த எம்.எல்.ஏ.ஏ.யும், என்விடியாவின் ரிமோதி லொற்ரஸ் உருவாக்கிய எஃப்.எக்ஸ்.ஏ.ஏ.யும் இவ்வகையின. நிறம் சட்டென மாறும் இடங்களைத் தேடி அங்கே நிறங்களைக் கலப்பதால் இவற்றின் செலவு மிகச் சொற்பம். ஆனால் எஃப்.எக்ஸ்.ஏ.ஏ. விளிம்பையும் விவரத்தையும் வேறுபடுத்தி அறிய வல்லதன்று. கோபுரச் சிற்பத்தின் நுணுக்கமும் சேர்ந்தே மங்கிப்போகும். ஸ்பெயினின் சரகோசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோர்ஹே ஹிமெனெஸும் அவர்தம் சகாக்களும் 2012-இல் வெளியிட்ட எஸ்.எம்.ஏ.ஏ., விளிம்பின் வடிவத்தை ஆராய்ந்து கலப்பதனால் கூர்மையை நன்கு காக்கிறது. பட்டியலில் எஃப்.எக்ஸ்.ஏ.ஏ.யும் எஸ்.எம்.ஏ.ஏ.யும் இருப்பின் எஸ்.எம்.ஏ.ஏ.யைத் தேர்வதே உசிதம். எனினும் இவ்வகை முறைகள் முன் பிரேமை நினைவில் வைத்துக்கொள்ளாதவையாதலால், அசைவில் எழும் மினுமினுப்பை முற்றாகப் போக்கமாட்டா.

அந்த நினைவை அளித்ததே ரி.ஏ.ஏ. என்னும் காலவழி முறையின் விசேஷம். எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் பிரயன் கரிஸ் 2014-இல் இதன் நடைமுறையை விளக்கிய பின்னர் இது எங்கும் பரவியது. ஒவ்வொரு பிரேமிலும் காட்சியை ஒரு பிக்சலுக்கும் குறைவான தூரம் நகர்த்தி வரைந்து, முன் பிரேம்களில் திரண்ட நிறங்களோடு புதியதைச் சிறிதளவே கலந்துவருவதால், சில பிரேம்களுக்குள் ஒவ்வொரு பிக்சலும் பல மாதிரிகளின் பயனைப் பெறுகிறது. ஓலைநுனி நிலைபெறுகிறது; நீரின் மின்னல் சாந்தமாகிறது. ஆனால் பொருள் விரைந்து நகரும்போது பழைய நிறம் உரிய இடத்தில் கழிக்கப்படாவிடின் அதன் பின்னே ஒரு நிழல் வால்போல் நீளும். காட்சி முழுவதும் சற்றே மென்மையாகவும் தோன்றும். எட்டுப் பிரேம்களின் மாதிரிகள் திரள, வினாடிக்கு 60 பிரேம் ஓடும் கணினிக்கு 0.13 வினாடி போதும். 30 பிரேமே ஓடும் கணினிக்கு அதன் இருமடங்கு, ஏறக்குறைய 0.27 வினாடி, வேண்டும். ஆகவே வலிமை குறைந்த இயந்திரத்தில் ரி.ஏ.ஏ.யின் குறைகளே முந்திக் கண்ணில் படும் என்பதை நினைவிற்கொள்ளுதல் நன்று.

இம்முறையின் வழித்தோன்றல்களே 2018-இல் என்விடியா தன் ஆர்.ரி.எக்ஸ். அட்டைகளுக்குக் கொணர்ந்து 2020-இல் பெரிதும் திருத்திய டி.எல்.எஸ்.எஸ்., ஏ.எம்.டி.யின் எஃப்.எஸ்.ஆர். (அதன் இரண்டாம் பதிப்பு முதல்), இன்ரெலின் எக்ஸ்.இ.எஸ்.எஸ். ஆகியன. படத்தைச் சிறிதாக வரைந்து, முன் பிரேம்களின் துணையால் பெரிதாக்குவது இவற்றின் தொழில். 1080 வரித் திரையில் டி.எல்.எஸ்.எஸ்., எஃப்.எஸ்.ஆர். ஆகியவற்றின் ‘குவாலிட்டி’ நிலையில் 1280க்கு 720 என்ற அளவிலும், ‘பெர்ஃபோமன்ஸ்’ நிலையில் 960க்கு 540 என்ற அளவிலும் மட்டுமே உண்மைப் படம் வரையப்படுகிறது. பின்னையதில் ஆதாரமே குறைந்துபோவதால் இத்தகைய திரையில் அதனைத் தவிர்ப்பது நலம். ஆர்.ரி.எக்ஸ். அட்டையில் மிகை வலிமை உள்ளவர்களுக்கு, சிறிதாக்காமல் முழு அளவிலேயே விளிம்பைத் திருத்தும் டி.எல்.ஏ.ஏ. கிடைக்குமாயின் அது மிகச் சிறந்தது.

தீவகத்தின் நிலைமைக்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்போம். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர் கொணர்ந்த மடிக்கணினியே இங்கே பல வீடுகளில் விளையாட்டுக் கருவியுமாகும். அவற்றுள் தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாதவையும் உண்டு. ஊர்காவற்றுறையும் வேலணையும் பாலத்தால் யாழ்ப்பாணத்தோடு இணைந்தவை. கடல் நடுவே நிற்கும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுமோ தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்தவை; சூரிய ஒளி, காற்று, மின்கலம் ஆகியவற்றை இணைக்கும் கலப்பு மின்திட்டம் ஒன்றை அங்கே அமைப்பதற்கான உடன்படிக்கை 2022 மார்ச்சில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கைச்சாத்தானது. மின்சாரத்தை மதித்துச் செலவிடவேண்டிய இடத்தில் சிக்கனமான தேர்வு தரித்திரமான தேர்வன்று. மடிக்கணினிக்கு இயற்கையான ஓர் அனுகூலமும் உண்டு. 1080 வரி கொண்ட 24 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 92 பிக்சல்கள் இருக்க, அதே மொத்த எண்ணிக்கை 15.6 அங்குல மடிக்கணினியில் அங்குலத்துக்கு 141 ஆகச் செறிந்து நிற்பதால், அங்கே விளிம்பின் படிகள் தாமாகவே சிறுத்துப்போகின்றன. அத்தகைய கணினியில் திரையின் இயல்பான அளவை முதலில் காப்பாற்றி, நிழல் போன்ற பிற செட்டிங்ஸைத் தாழ்த்தி, எஸ்.எம்.ஏ.ஏ.யை இட்டுக்கொள்வதே போதுமானது. இயல்பான அளவில் ஓடவே முடியாத விளையாட்டெனில் எஃப்.எஸ்.ஆர். ‘குவாலிட்டி’ நிலை அடுத்த புகலிடம்.

எந்தத் தேர்வையும் அசையாப் படத்தைக் கொண்டு தீர்மானித்தல் ஆகாது. மரமும் வேலியும் நீரும் ஒருங்கே தெரியும் ஓரிடத்தில் நின்று, முதலில் அசையாமல் விளிம்புகளை நோக்கவேண்டும். பின்னர் மெல்லத் திரும்பி, தூரத்து நுண்பொருள்கள் துடிக்கின்றனவா என்று காணவேண்டும். இறுதியில் விரைந்து ஓடி, நகரும் பொருளின் பின்னே நிழல் படர்கிறதா என்று சோதிக்கவேண்டும். மூன்றையும் ஒவ்வொரு முறைக்கும் ஒரே இடத்திலேயே செய்வது அவசியம். ரி.ஏ.ஏ.யைத் தேர்ந்தவர் அதனோடு தரப்படும் கூர்மைப்படுத்தும் அளவைச் சிறிது கூட்டலாம். விளிம்பைச் சுற்றி வெண்கோடு படரத் தொடங்குமிடம் எதுவோ அதற்குச் சற்று முன்னரே நிறுத்திவிடுதல் வேண்டும். 2019-இல் கணினிக்கு வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்ற சில விளையாட்டுகளில் மரஞ்செடிகள் ரி.ஏ.ஏ.யை நம்பியே வரையப்பட்டிருப்பதால், அதை அணைத்துவிட்டால் இலைத்தொகுதிகள் புள்ளி புள்ளியாகச் சிதறும். அங்கே அதனை வைத்துக்கொண்டு கூர்மையைத் திருத்துவதே வழி.

விளையாட்டுக்கு இத்துணைப் பிரயத்தனம் எதற்கு என்று கேட்பார்க்கு என் அபிப்பிராயம் இதுவே. தமிழ்க் குடும்பமொன்றின் அடுக்களையைக் கதைக்களமாகக் கொண்டு ரொறன்ரோவில் உருவாகி 2023-இல் வெளிவந்த ‘வெண்பா’ என்னும் விளையாட்டு, 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றமை, தமிழ் வாழ்வும் இக்கலைக்கு உரிய பொருளே என்பதை நிரூபித்துவிட்டது. தீவகத்தின் கரைகளையும் பனங்கூடல்களையும் திரைக்குக் கொணரும் பணி இன்னும் செய்யப்படாதிருக்கிறது. அதனைச் செய்யப்போகிறவர்கள் இன்றைய விளையாட்டுக்காரருள்ளிருந்தே வரவேண்டும். ஒரு விளிம்பு ஏன் உடைகிறது, ஒரு பரிகாரம் எதை விலையாகக் கேட்கிறது என்று தம் கண்ணாலேயே கண்டறியப் பழகியவர்கள், படத்தை நுகர்வோர் நிலையிலிருந்து படைப்போர் நிலைக்கு ஏறும் முதற்பயிற்சியை அப்போதே தொடங்கிவிடுகிறார்கள். ஆதலால் பட்டியலின் பெரிய எண்ணை நம்பி இப்பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடாமல், தத்தம் கண்ணையும் தத்தம் கணினியையும் சாட்சியாக வைத்துத் தேர்ந்துகொள்ளுமாறு இளைஞர்களை வேண்டுகிறேன்.