தர்பார் ஹாலுக்கு வந்த மியூசியம்

(மாளிகையும் மக்களும் – 7)

1948-ஆம் ஆண்டு நவம்பர். டெல்லி ரெய்சினா குன்றின் மேல், வைஸ்ராய்கள் கொலு வீற்றிருந்த தர்பார் ஹாலிலும் அதையொட்டிய கூடங்களிலும் சிற்பங்கள் வந்து இறங்கின. முந்தைய குளிர்காலத்தில் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைக்கப்பட்டுத் திரும்பிய இந்தியக் கலைச் செல்வங்கள் அவை. வெள்ளைக்காரர்கள் பார்த்து வியந்ததை நம் ஜனங்களும் ஒருமுறை பார்க்கட்டும், பிறகு அந்தந்த மியூசியத்துக்கு அனுப்பலாம் என்று ஏற்பாடு. அப்போது அந்த மாளிகைக்குப் பெயர் கவர்மென்ட் ஹவுஸ். உள்ளே குடியிருந்தவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி.

அந்தக் கண்காட்சியே வேர் பிடித்தது. 1949 ஆகஸ்ட் 15 அன்று அதே மாளிகையில் தேசிய அருங்காட்சியகத்தை ராஜாஜி தொடங்கி வைத்தார். ஜன்பத் சாலையில் சொந்தக் கட்டடம் எழும்பி மியூசியம் இடம்பெயர 1960 ஆயிற்று. ஆக, நாட்டின் தலைமைக் குடிமகன் வசிக்கும் வீடே பத்து வருடங்களுக்கு மேல் நாட்டின் மியூசியமாகவும் இருந்திருக்கிறது. வந்த பொருட்களில் சில அங்கேயே தங்கிவிட்டன. மாளிகையின் முகப்புத் தூண்களுக்கு நடுவே நிற்கும் ராம்பூர்வா காளை அப்படித் தங்கியதுதான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் காலத்துத் தூணின் உச்சியில் நின்ற கல் காளை அது. சிங்கங்களைப் போல் மிரட்டாது. கழுத்துச் சதை மடிய, சாதுவாக நிற்கும். அந்த மாளிகைக்கு வந்த புதுக் குடித்தனக்காரர்களில் இதற்கு இணை கிடையாது.

லட்யன்ஸ் இந்த மாளிகையை வரைந்தது வேறொரு நோக்கத்துக்காக. 340 அறைகள், 1912-ல் தொடங்கி 1929-ல் முடிந்த வேலை. பார்க்கிறவன் தன்னைச் சிறியவனாக உணர வேண்டும், அதுதான் கணக்கு. முதலில் குடியேறியவர் இர்வின் பிரபு. அவருக்கு அடுத்து வந்த வைஸ்ராய்களைவிட அதிகமாக இந்த வீட்டின் போக்கை மாற்றியவர் ராஜாஜிதான் என்று தயங்காமல் சொல்லலாம். வைஸ்ராய்களின் பிரம்மாண்டமான அறைகளை அவர் தொடவில்லை. வேறொரு பகுதியில் சில அறைகளே போதும் என்று ஒதுங்கிக்கொண்டார். பின்னால் வந்த ஜனாதிபதிகளும் அந்தப் பகுதியிலேயே குடியிருந்தார்கள். வைஸ்ராய் தூங்கிய அறைகளில் இன்று வெளிநாட்டு விருந்தினர்கள் தங்குகிறார்கள்.

1950 ஜனவரி 26 காலை 10.18-க்கு இந்தியா குடியரசானது. ஆறு நிமிடம் கழித்து, தர்பார் ஹாலில் ராஜேந்திர பிரசாத் பதவி ஏற்றார். மாளிகையின் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவர் அவர். பல தலைமுறைகளுக்கு ராஷ்டிரபதி பவன் என்றாலே பிப்ரவரி மாதத்து ரோஜாவும் துலிப்பும்தான். 2023-ல் முகலாயத் தோட்டம் அம்ரித் உத்யான் ஆனது. கூட்டம் மட்டும் குறையவில்லை. ஆனால் தோட்டம் பார்த்தவர்கள் பூவைப் பார்த்தார்களே தவிர, வீட்டின் கதையை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் பிரணாப் முகர்ஜி. வரலாறு படித்தவர், கல்லூரியில் பாடம் நடத்தியவர். அந்தப் பழக்கம் பதவியிலும் விடவில்லை. மாளிகையின் பழைய குதிரை லாயத்தைச் சீர்ப்படுத்தி, 2014 ஜூலை 25 அன்று மியூசியமாகத் திறந்தார். 2016 அக்டோபரில் கார் நிறுத்திய கராஜும் அதோடு சேர்ந்தது. அங்கே ராஜேந்திர பிரசாத் முதல் ஒவ்வொரு ஜனாதிபதியின் காலமும் வரிசையாக விரிகிறது.

1911 டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அமர்ந்த வெள்ளி நாற்காலி இந்த மியூசியத்தில்தான் இருக்கிறது. எடை 640 கிலோ. அதைப் பார்த்து மலைக்கிறவர்கள், மாளிகையின் சாரட் வண்டியின் கதையையும் கேட்க வேண்டும். பிரிவினையின்போது வைஸ்ராயின் மெய்க்காவல் படையை இந்தியாவுக்கு இரண்டு பங்கு, பாகிஸ்தானுக்கு ஒரு பங்கு என்று பிரித்தார்கள். ஒற்றைச் சாரட்டை எப்படிப் பிரிப்பது? இரு தரப்பு அதிகாரிகளும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள், பூவா தலையாவில் இந்தியா ஜெயித்தது என்று படை வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். 2024 குடியரசு தினத்தில் திரௌபதி முர்முவும் பிரான்ஸ் அதிபர் மக்ரோனும் சாரட்டில்தான் வந்து இறங்கினார்கள்.

வெள்ளி நாற்காலி அளவுக்கு, ஒரு ரசீதுக்கும் மியூசியத்தில் இடம் உண்டு என்பது இந்தத் தொடரின் வாதம். 2006 மே மாதம் அப்துல் கலாமின் உறவினர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ராமேஸ்வரத்திலிருந்து வந்து மாளிகையில் தங்கினார்கள். அறை வாடகை முதல் சாப்பாடு வரை கணக்குப் போடச் சொல்லி, 3.52 லட்சம் ரூபாயைத் தன் சொந்தப் பணத்திலிருந்து கட்டினார் கலாம். அவருடைய செயலாளராக இருந்த பி.எம். நாயர் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஜனாதிபதி என்றால் யார் என்று ஒரு பள்ளிப் பிள்ளைக்கு விளக்க, இதைவிட நல்ல ஆவணம் ஏது?

இன்னொரு கதையும் உரக்கச் சொல்லப்பட வேண்டியது. இந்தப் புது டெல்லிக்காக ரெய்சினா, மால்சா கிராமத்து மக்கள் நிலத்தையும் வீட்டையும் இழந்து வெளியேறினார்கள். குன்றுக்கு அவர்கள் ஊர்ப் பெயர் மட்டும் மிச்சம். மாளிகையின் வரலாறு லட்யன்ஸின் வரைபடத்தில் தொடங்கவில்லை, அந்த வயல்களில் தொடங்குகிறது.

டெல்லி தூரம் என்பவர்களுக்கு ஹைதராபாத் இருக்கிறது. பொலாரத்தில் 1860-ல் கட்டப்பட்ட ராஷ்டிரபதி நிலையம், நிஜாம் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு ஜனாதிபதியின் தென்னகத்து வீடானது. ஜனாதிபதி வந்து போனபின் சில நாட்கள் மட்டும் திறந்திருந்த வாசல், 2023 மார்ச் முதல் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. சமையலறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் பதார்த்தங்கள் போன சுரங்கப் பாதை வழியாக இப்போது யாரும் நடக்கலாம். சுவரெங்கும் தெலங்கானாவின் சேரியால் ஓவியங்கள். அதே ஆண்டு ஏப்ரலில் சிம்லா அருகே மஷோப்ரா மாளிகையும் திறக்கப்பட்டது.

டெல்லி போகிறவர்கள் தோட்டத்தோடு திரும்பிவிட வேண்டாம். தோட்டத்துக்குப் பருவம் உண்டு. மியூசியம் ஆண்டு முழுவதும் உண்டு, திங்கள் விடுமுறை. ஆன்லைனில் முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு போங்கள். பிள்ளைகளை அவசியம் கூட்டிப் போங்கள். லாயத்துக்கும் கராஜுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.

(தொடரும்)