ஈரத்துணி எப்போது உதவும்?

“நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடு” என்பது எர்ணாவூர்ப் பகுதியில் பலரும் சொல்லும் அறிவுரை. இதை நம்பலாமா எனக் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. அப்படியே ஏற்கவும் வேண்டா, அறவே தள்ளவும் வேண்டா என்பதே எங்கள் விடை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத்திணறலாலும் கண்ணெரிச்சலாலும் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியா நீரில் எளிதில் கரையும். ஆகவே, அவ்விடத்தை விட்டு விலகிச் செல்லும் சில நிமிடங்களுக்கு ஈரத்துணி ஓரளவு காக்கும். எரியும் கண்களைத் தூய நீரால் 15 நிமிடமாவது கழுவச் சொல்வதும் இதனால்தான்.

போகிப் புகையும் கன்டெய்னர் லாரிப் புகையும் வேறு. அவற்றிலுள்ள, 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களில் பெரும்பகுதி துணியின் இழைகளூடே நுழைந்து நுரையீரலின் ஆழத்தை அடையும். ஈரத்துணியை நம்பி ஆஸ்துமா நோயாளி அப்புகையில் நிற்பது ஆபத்து. கதவடைத்து வீட்டினுள் இருப்பதும், வெளியே சென்றாக வேண்டுமெனில் முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் அணிவதும், மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலரைத் தவறாது பயன்படுத்துவதுமே காக்கும்.

அறிவுரை ஒன்றுதான், ஓரிடத்தில் காப்பது மற்றோரிடத்தில் ஏமாற்றுகிறது. எனவே, நீங்கள் கைக்கொள்ளும் அறிவுரை உங்கள் நோய்க்குப் பொருந்துமா என்று அடுத்த வருகையில் தயங்காமல் எங்களிடம் கேளுங்கள். இன்ஹேலருக்குப் பின்னும் மூச்சுத்திணறல் தணியாவிட்டால், எந்த அறிவுரைக்கும் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.