மருந்துத் துண்டும் ஒரு நாள் பேரும்

பிளேன்டீயைக் குடியுங்கள் அக்கா. பாமசி பில்லை மட்டும் இப்படிக் கொடுங்கள். சீனி வருத்தத்துக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, பிறகு ஒரு விட்டமின் டப்பி. காசில் பாதி அந்த டப்பிக்கே போயிருக்கிறது. டாக்டர் எழுதினாரா, கடையில் சேர்த்துவிட்டார்களா?

மாதாமாதம் எடுக்கிற மருந்துக்குப் பதுளை பெரியாஸ்பத்திரியிலோ தியத்தலாவையிலோ கிளினிக் கொப்பி போட்டிருந்தால் டாக்டருக்கும் காசில்லை, மருந்துக்கும் காசில்லை. இது தெரியாதவர் தோட்டத்து லயத்தில் யாருமில்லை. ஆனால் கிளினிக் நாளில் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆன பிறகு அந்த இழப்பு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அதனால் வேலை முடிந்து சாயங்காலம் தனியாரிடம் காசு கட்டி டாக்டரைச் சேனல் பண்ணப் போகிறீர்கள். டாக்டர் காசு, இடத்துக்கான காசு, த்ரீவீலர், வெளிமருந்து எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பேரைத் தாண்டிவிடும். அங்கே உட்கார்ந்திருப்பவரும் பல நேரம் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்க்கிற அதே டாக்டர்தான்.

இன்னொரு செலவு, ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துபோய் வெளியே வாங்கச் சொல்லித் தரும் துண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் நாடே அதை அனுபவித்தது. அந்தத் துண்டில்தான் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்புங்கள். பெரிய எழுத்தில் கம்பனி வைத்த பெயர். கீழே, மகளை வாசிக்கச் சொல்லுங்கள், சின்ன எழுத்தில் மெட்ஃபோமின் 500. சீனியைக் குறைப்பது அந்தச் சின்ன எழுத்து. அதே மருந்தை இரத்மலானையில் அரசாங்கக் கூட்டுத்தாபனமும் செய்கிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் துண்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்கிறது. இதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. நம்ம ஊவாவின் வெல்லஸ்ஸக் குடும்பத்துப் பிள்ளை. அவர் முன்னின்று 1971இல் தொடங்கிய மருந்துக் கூட்டுத்தாபனத்தின் கடைதான் ஒசுசல. டவுனுக்குப் போனால் முதலில் அங்கே விலை கேளுங்கள். வேறு பாமசி என்றால், “இதே மருந்து விலை குறைந்த கம்பனியில் இருக்கா?” என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை. வலிப்பு, தைரொய்ட், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து, இவற்றை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

வாகனச் செலவிலும் மிச்சம் பிடிக்கலாம். ராத்திரியில் நெஞ்சுவலி என்றால் வேனுக்கு ஹயர் தேடாதீர்கள், 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. லயம் வரை வாகனம் ஏறாவிட்டால் எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

மறுபடி மருந்துத் துண்டுக்கே வருவோம். அதைக் கையில் வாங்கும்போதே டாக்டரிடம், “இதில் கட்டாயம் எது ஐயா?” என்று கேளுங்கள். விட்டமின் அநேகமாக அங்கேயே கழன்றுவிடும். மாதம் முழுக்க வாங்கக் காசில்லையென்று மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போடுகிறீர்களே, அது வேண்டாம். சீனி ஏறிக் காலில் புண் வந்தால் எத்தனை பேர் போகும்? சம்பளம் பத்தாம் திகதிதானே, அதுவரைக்கும் எத்தனை மாத்திரை வேண்டுமோ அத்தனையை எண்ணித் தரச் சொல்லுங்கள், தருவார்கள்.