பருவ இறுதி ஃபெசன்ட் வேட்டை

பருவ இறுதி ஃபெசன்ட் வேட்டை என்பது ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்கு, பெருஞ்சமவெளி மாநிலங்களில், வேட்டைப் பருவத்தின் கடைசி வாரங்களில் பறவை நாய்களின் துணையுடன் ஃபெசன்ட் சேவல்களைத் தேடி வேட்டையாடுவது ஆகும். தெற்கு டகோட்டா, வடக்கு டகோட்டா, அயோவா, நெப்ராஸ்கா, கன்சாஸ், மினசோட்டா ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற மாநிலங்கள். பருவம் அக்டோபரிலோ நவம்பரிலோ தொடங்கி, மாநிலத்தைப் பொறுத்து சனவரி மாதத்தின் வெவ்வேறு நாட்களில் முடிகிறது. இதில் திசம்பர் முதலான பகுதியே பொதுவாகப் பருவ இறுதி எனப்படுகிறது. சொந்த நிலமோ, கட்டண வேட்டைப் பண்ணைக்குச் செலவிடப் பணமோ இல்லாதவர்கள் இந்த வேட்டைக்குப் பொது நிலங்களையே நம்பியுள்ளனர்.

பறவையும் அதன் வருகையும்

கழுத்து வளைய ஃபெசன்ட் மயில், காட்டுக்கோழி, கௌதாரி, காடை ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் ஆசியா. சேவலுக்குச் செம்பு நிற உடலும், பச்சைத் தலையும், சிவந்த முகமும், கழுத்தில் வெள்ளை வளையமும், நீண்ட வாலும் உண்டு. பெட்டை மங்கிய பழுப்பு நிறமுடையது.

சாங்காய் நகரில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஓவன் நிக்கர்சன் டென்னி, 1881, 1882 ஆம் ஆண்டுகளில் சீனாவிலிருந்து ஒரிகன் மாநிலத்திற்கு இப்பறவைகளை அனுப்பினார். வில்லமெட் பள்ளத்தாக்கில் அவை பெருகின. 1892 இல் ஒரிகனில் முதல் வேட்டைப் பருவம் அறிவிக்கப்பட்டது. தெற்கு டகோட்டாவில் 1919 இல் ஸ்பிங்க் கவுண்டியில் ஒரே ஒரு நாள் மட்டும் வேட்டைக்கு அனுமதி வழங்கப்பட்டது. 1943 இல் இப்பறவை அம்மாநிலத்தின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்டது.

சேவல் மட்டும் ஏன்?

காட்டு ஃபெசன்ட்களில் ஒரு சேவல் பல பெட்டைகளுடன் இணைசேரும். எனவே சேவல்களில் ஒரு பகுதி குறைந்தாலும் அடுத்த ஆண்டு முட்டையிடும் பெட்டைகளின் எண்ணிக்கை குறைவதில்லை. இந்த உயிரியல் உண்மையின் அடிப்படையிலேயே பெட்டைகளைச் சுடுவது தடைசெய்யப்பட்டுள்ளது. அயோவா, தெற்கு டகோட்டா ஆகிய மாநிலங்களில் ஒருவர் ஒரு நாளில் மூன்று சேவல்களையும், கன்சாசில் நான்கு சேவல்களையும் எடுக்கலாம்.

பருவ இறுதியில் இவ்விதியைக் கடைப்பிடிப்பது கூடுதல் கவனத்தைக் கேட்கிறது. பல வாரங்கள் வேட்டை நடந்தபின் சேவல்கள் குறைந்திருக்கும்; நாய் காட்டித்தரும் பறவைகளில் பல பெட்டைகளாகவே இருக்கும். குளிர்கால மாலையின் மங்கிய ஒளியில், சூரியனை நோக்கிப் பறக்கும் பறவையின் நிறம் தெரியாது. வால், கழுத்து வளையம், எழும்பும்போது சேவல் எழுப்பும் கரகரப்பான கூவல் ஆகியவற்றில் ஒன்றாவது உறுதியாகும்வரை அனுபவமுள்ளவர்கள் துப்பாக்கியை உயர்த்துவதில்லை.

பொது நிலங்கள்

பெருஞ்சமவெளி மாநிலங்களில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. பொதுமக்கள் வேட்டையாடும் இடங்கள் மூன்று வகைப்படும்.

முதலாவது, மாநில அரசுகள் வாங்கிப் பராமரிக்கும் காட்டுயிர் நிலங்கள். இரண்டாவது, கூட்டரசின் மீன், காட்டுயிர்த் துறைக்குச் சொந்தமான நீர்ப்பறவை உற்பத்திப் பகுதிகள். வாத்து வேட்டையாடுவோர் 1934 ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கும் வாத்து முத்திரையின் வருவாயே இவற்றை வாங்க உதவுகிறது. வாத்துகளுக்காகக் காக்கப்பட்ட சதுப்புகள் குளிர்காலத்தில் ஃபெசன்ட்களுக்கும் அடைக்கலம் தருகின்றன. மூன்றாவது, உழவர்களுக்குப் பணம் கொடுத்து அவர்களின் நிலத்தில் பொதுமக்கள் நடந்து சென்று வேட்டையாட உரிமை பெறும் திட்டங்கள். கன்சாஸ் மாநிலத்தில் இத்தகைய திட்டம் 1995 இல் தொடங்கியது.

1937 ஆம் ஆண்டு பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரி மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

பருவ இறுதியில் பறவையின் போக்கு

ஃபெசன்ட்களில் பெரும்பாலானவை ஓராண்டைக் கடப்பதில்லை. பருவத் தொடக்கத்தில் சுடப்படுபவை பெரும்பாலும் அந்தக் கோடையில் பொரித்த இளஞ்சேவல்கள். திசம்பர் வரை மிஞ்சியவை நாயையும் மனிதரையும் அறிந்தவை. வண்டிக் கதவு அறையும் ஓசை, ஊதல் ஒலி, நாயின் கழுத்து மணி ஆகியவை கேட்டவுடன் அவை புல்லுக்குள் ஓடத் தொடங்கும். அல்லது ரவைக் குண்டு எட்டாத தொலைவிலேயே பறந்துவிடும்.

அறுவடை முடிந்த வயல்கள் வெறுமையாகி, மெல்லிய புற்கள் பனியில் சாய்ந்துவிடுவதால், பறவைகள் எஞ்சிய சில அடர்ந்த மறைவிடங்களில் கூட்டமாகச் சேர்கின்றன. சம்பங்கோரை மண்டிய சதுப்புகள், காற்றைத் தடுக்க நடப்பட்ட மர வரிசைகள், உயரமான சுவிட்ச் புல் திட்டுகள் ஆகியவை இத்தகைய இடங்கள். உணவாகும் மக்காச்சோள வயல் அருகிலிருந்தால் அந்த மறைவிடம் இன்னும் சிறந்தது. பறவைகள் காலையிலும் மாலையிலும் வயலுக்குச் சென்று சிந்திய தானியத்தைத் தின்று திரும்புகின்றன.

நாய்களின் பங்கு

பறவை நாய்கள் இருவகை. செருமன் குறுமயிர் பாயின்டர், இங்கிலீசு செட்டர், பிரிட்டனி போன்றவை சுட்டும் நாய்கள். இவை பறவையின் மணம் கிடைத்ததும் அசையாமல் நின்று இடத்தைக் காட்டும். இங்கிலீசு ஸ்பிரிங்கர் ஸ்பானியல், லாப்ரடார் போன்றவை பறவையைக் கிளப்பிப் பறக்கவிடும் நாய்கள். இவை துப்பாக்கி எட்டும் தொலைவுக்குள்ளேயே தேட வேண்டும்.

நிற்காமல் ஓடும் முதிர்ந்த சேவல் சுட்டும் நாய்க்குப் பெரிய சோதனை. நாய் நின்ற இடத்தில் மணம் மட்டும் இருக்கும், பறவை இருக்காது. அனுபவம் பெற்ற நாய் மணம் நகர்வதை உணர்ந்து தானும் நகர்ந்து, மீண்டும் நிற்கும். சில நாய்கள் சுற்றிச் சென்று பறவையை மறித்து நிற்கவும் கற்றுக்கொள்கின்றன.

அடிபட்ட பறவையைக் கண்டெடுப்பதே நாயின் மிக முக்கியமான பணி எனலாம். சிறகொடிந்த சேவல் விழுந்த இடத்தில் கிடக்காது. ஓடிச் சென்று கோரைக்குள் பதுங்கும். நாய் இல்லாமல் அதைக் கண்டுபிடிப்பது அரிது. அவ்வாறு தவறவிடப்படும் பறவை வீணாக இறக்கிறது.

வேட்டை முறை

பருவ இறுதியில் அமைதி முதல் விதி. வண்டியைத் தொலைவில் நிறுத்தி, கதவை ஓசையின்றிச் சாத்தி, கை அசைவால் நாயை வழிநடத்துவர். காற்று எதிர்முகமாக வீசும்படி நடப்பதால் மணம் நாயை நோக்கி வருகிறது. மனிதரின் ஓசையும் பறவையை எளிதில் எட்டுவதில்லை. நடுநடுவே சற்று நின்று நடந்தால், பதுங்கியிருக்கும் பறவை நிலைகொள்ளாமல் எழும்பும். கூட்டாகச் செல்வோர் ஒருவரை மறைவிடத்தின் மறுமுனையில் நிறுத்துவதுண்டு.

புதுப்பனி பெய்த மறுநாள் சிறந்த நாளாகக் கருதப்படுகிறது. காலடித் தடங்கள் தெரியும். பறவைகள் ஓடாமல் ஒடுங்கியிருக்கும். பறவைகள் தொலைவில் எழும்புவதால் பெரிய ரவைகள் தேவைப்படுகின்றன. கூட்டரசின் நீர்ப்பறவை உற்பத்திப் பகுதிகளில் ஈய ரவைக்குத் தடை உள்ளதால் எஃகு போன்ற நச்சற்ற ரவைகளே பயன்படுத்தப்படுகின்றன.

ஆபத்துகள்

சதுப்பு உறைந்தபின் முன்பு நுழைய முடியாத கோரைக் காட்டுக்குள் நடக்கலாம். ஆனால் கோரைத் தண்டுகளைச் சுற்றியும், ஊற்று உள்ள இடங்களிலும், பனி மூடிய பகுதிகளிலும் பனிக்கட்டி மெலிந்திருக்கும். நாய் உள்ளே விழுந்தால் அதன் பின்னே ஓடும் மனிதரும் விழ நேரிடும்.

நாயின் விரலிடுக்குகளில் பனி உருண்டு கட்டியாகி நடையைக் கெடுக்கும். முள்கம்பி உடலைக் கிழிக்கும். ஈரமான நாய்க்கு உடல்வெப்பம் விரைவில் குறையும். மென்மயிருக்காக விலங்குகளைப் பிடிப்போர் இதே பருவத்தில் பொது நிலங்களில் கண்ணிகளும் பொறிகளும் வைப்பதுண்டு. அதனால் பலர் கம்பி வெட்டும் கருவியை உடன் வைத்திருப்பதோடு, பொறியைத் திறக்கும் முறையையும் முன்கூட்டியே பழகிக்கொள்கின்றனர்.

மறைவிடம் இழப்பு

வேட்டையைவிடக் குளிர்கால மறைவிடம் இல்லாமையே ஃபெசன்ட்களுக்குப் பெரிய கேடு. பனிப்புயலில் அடைக்கலமின்றி நிற்கும் பறவைகள் குளிரால் இறக்கின்றன. சில வேளை மூக்குத் துளைகளில் பனி உறைந்து மூச்சுத்திணறியும் இறக்கின்றன. கடுங்குளிர் நாட்களில் அவற்றை ஒரே கோரைத் திட்டிலிருந்து மீண்டும் மீண்டும் விரட்டுவதைப் பொறுப்புள்ள வேட்டைக்காரர்கள் தவிர்க்கின்றனர்.

1985 இல் தொடங்கிய நிலப் பாதுகாப்பு இருப்புத் திட்டம், எளிதில் அரிக்கப்படும் நிலங்களை 10 முதல் 15 ஆண்டுகள் பயிரிடாமல் புல்வெளியாக வைத்திருக்க உழவர்களுக்கு வாடகை தருகிறது. 2007 இல் இத்திட்டத்தில் ஏறத்தாழ 3.68 கோடி ஏக்கர் நிலம் இருந்தது. பின்னர் மக்காச்சோளத்தின் விலை உயர்ந்தபோது, ஒப்பந்தம் முடிந்த நிலங்கள் மீண்டும் உழப்பட்டன. 2014 ஆம் ஆண்டு வேளாண் சட்டம் இதன் உச்சவரம்பை 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தது. 1982 இல் மினசோட்டாவில் தொடங்கப்பட்ட ஃபெசன்ட்ஸ் ஃபாரெவர் போன்ற அமைப்புகள் நிலம் வாங்கிப் பொது நிலமாக ஒப்படைப்பதிலும், புல் விதைப்பதிலும் ஈடுபட்டுள்ளன.

சதுப்பு வடிக்கப்பட்டு, மர வரிசை வெட்டப்பட்டு, புல்வெளி உழப்படும் இடங்களில் பறவைகளும் வேட்டைக்காரர்களும் எஞ்சிய சிறு திட்டுகளில் நெருங்குகின்றனர். அத்திட்டுகளில் பல இன்று பொது நிலங்களாக உள்ளன. எனவே அவற்றைப் பேணுவது வேட்டை உரிமையோடு, அந்தப் பறவை அடுத்த வசந்தம் வரை உயிர்வாழ்வதையும் சார்ந்த கேள்வியாக உள்ளது.