திரையில் தெரிந்த ஷெல் துண்டு

பொறியியல் மாணவனாக இருதய சிகிச்சைக் கூடமொன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். மேசையில் படுத்திருந்த ஐயா விழிப்புடனேயே இருந்தார். மணிக்கட்டில் மட்டும் விறைப்பூசி. அதன் வழியே சுமார் 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாய் இருதயம் வரை சென்றது. சாயம் செலுத்தியதும் எக்ஸ்ரே திரையில் இரத்தக் குழாய்கள் கிளைவிட்டன, அடைப்புத் தெரிந்தது. விலா எலும்பருகே கரும்புள்ளியொன்றும் தெரிந்தது. அது ஷெல் துண்டு.

“மெசின் இதை இழுக்காதோ டொக்டர்?” இந்தப் பயத்தில்தான் அவர் பல மாதங்கள் வராமல் இருந்தாராம்.

எக்ஸ்ரே கதிர் உலோகத்தை இழுக்காது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் இருப்பது பலமான காந்தம். அது இரும்புத் துண்டை அசைக்கக்கூடும்.

கார் ரயரில் உள்ளதைவிடப் பல மடங்கு அமுக்கத்தில் பலூன் விரிந்து ஸ்டென்டைப் பதித்தது. அடைபட்ட குழாயில் இரத்தம் ஓடியது.

உடம்பில் துண்டுள்ளவர்கள் எந்தப் பரிசோதனைக்கு முன்னும் அதைச் சொல்லுங்கள். அதற்குப் பயந்து நெஞ்சு நோவை மறைக்காதீர்கள்.