கரிசல் நிலத்தில் கல் முற்றம்

தக்காணத்திலும் மாளவத்திலும் பரந்து கிடக்கும் கரிசல் மண் பருத்தி உழவருக்கு வரம். வீடு கட்டுவோருக்கோ சோதனை. அதிலுள்ள களிமண் மழைநீரை உறிஞ்சி உப்புகிறது. கோடையில் சுருங்கி வெடிக்கிறது. அதன்மேல் நேரே கற்களைப் பதித்தால், சில மழைக்காலங்களுக்குள் முற்றம் மேடுபள்ளமாகும். முதியோர் கால் இடறி விழ நேரும்.

ஆகவே, மேலே தெரியும் கல்லினும், கீழே மறையும் அடித்தளத்திலேயே நாம் கருத்தைச் செலுத்துதல் வேண்டும். கரிசலை இயன்ற ஆழம் அகழ்ந்து அகற்றி, நீரில் உப்பாத சரளை மண்ணை அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக் கட்டையால் இறுக்குவோம். அதன்மேல் ஜல்லிப் படுகையும், சுமார் 3 செ.மீ. மணலும் பரப்பி, பின்னரே கற்களைப் பதிப்போம். ஓரக் கற்கள் விலகாதபடி கான்கிரீட் விளிம்பு கட்டுதல் இன்றியமையாதது.

மனை சரிவாக இருப்பின், ஒரே தளமாக அமைக்காமல் படிப்படியாக அமைத்தல் நலம். ஒவ்வொரு படிக்கும் தாங்குசுவரும், அச்சுவரில் நீர் வடியும் துளைகளும் வேண்டும்.

முற்றம் 50 அடிக்கு 1 அடி வீதம் வீட்டைவிட்டு வெளிப்புறம் சாய்ந்திருக்கட்டும். சுவரோரம் தேங்கும் நீர் அடிமண்ணை உப்பச் செய்து, சுவரையே பிளந்துவிடும். முற்றத்தில் இன்று மிச்சப்படுத்தும் சிறு பணம், நாளை வீட்டின் பெருஞ்செலவாக வந்து நிற்கும்.